பதினாலாம் குழியில் நாலு

அஞ்சு. பதினாலாம் குழியில் நஞ்சப்பன் அடித்தது அஞ்சு. அருமைநாயகம் ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணினார். முதல் அடி மேட்டில் ஏறி நின்றது. இரண்டாவது சில்வர் ஓக் மரத்தில் பட்டு இடது பக்கம் நெட்டைப் புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவதை அடி என்றே சொல்லக் கூடாது, மட்டை மண்ணைக் கிளப்பியது, பந்து ஒரு சாண் நகர்ந்து அதே புல்லுக்குள் திரும்பவும் உட்கார்ந்துகொண்டது. நாலாவது கொடிக்குப் பக்கத்தில். அஞ்சாவது உள்ளே. நஞ்சப்பன் குனிந்து பந்தை எடுக்கும்போதே பிய்த்துக்கொண்டு கொட்டிவிட்டது. மழைகூட இல்லை, ஆலங்கட்டி. காலையில் எட்டு மணிக்குத் தொப்பி இல்லாமல் நிற்க முடியாத வெயில், பத்து மணிக்கு எதிரே நிற்கிறவன் மூக்குத் தெரியாத மூடுபனி, இப்போது மண்டையில் கல். நீலகிரியில் மே மாதம் இப்படித்தான், எதையும் ஒழுங்காகச் செய்து முடிக்காது. "ஓடுங்க சார், ஓடுங்க, மண்டை பொளந்துரும்!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினாள் பாக்கியம். நஞ்சப்பனின் பையைத் தூக்குகிறவள். கால்ஃபில் மட்டைப் பை தூக்குகிற ஆளுக்குக் கேடி என்று பேர். "எங்க வூட்டுக்காரரு ஊருக்குள்ள கேடி, நான் கிளப்புல கேடி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எழுபத்தொரு வயசும் எழுபத்துநாலு வயசும் ஓடுவது ஓட்டமா? தகரக் கொட்டகைக்குள் நுழைவதற்குள் இரண்டு பேரும் நனைந்து, மூச்சு வாங்கி, பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். "ஏனுங் நாயகம், நல்லா நனைஞ்சுட்டீங்களே, இந்தாங்க துண்டு" என்று நஞ்சப்பன் நீட்டினார். அருமைநாயகம் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துடைக்கவில்லை. அவன் துண்டில் துடைப்பதற்கு ஈரமாகவே இருக்கலாம். அஞ்சு என்று மனசு இன்னொரு தடவை சொன்னது. சட்டைப் பைக்குள் அட்டை. நஞ்சப்பனின் அட்டை. அவருடைய அடிகளை எழுதுகிற ஆள் இன்றைக்கு அருமைநாயகம். அவனுக்கு நான். எனக்கு அவன். பதினெட்டு வருஷம் கழித்து.

நேற்றுச் சாயங்காலம் நோட்டீஸ் பலகையில் சீட்டுக் குலுக்கிய பட்டியலைப் பார்த்தபோது இரண்டு பேரையும் ஒரே வரியில் யாரோ கோத்துவிட்டிருந்தார்கள். கோணக்கரை கிளப்பின் கோடை அணிப் போட்டி. மூன்று பேர் ஓர் அணி. மூவர் அடித்ததையும் கூட்டி எது குறைவோ அந்த அணிக்குக் கோப்பை. ஆனால் ஒரே அணிக்காரர்களைச் சேர்ந்து ஆட விட மாட்டார்கள், எதிர் அணிக்காரனோடு ஜோடி போட்டு அனுப்புவார்கள். ஏன் என்றால் அட்டைக்காக. தன் அடியைத் தானே எழுதக் கூடாது. எதிராளி எழுத வேண்டும், ஆடியவன் கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கூடுதலாக எழுதியிருந்தால் போகட்டும், அதுவே நிற்கும். ஒன்றே ஒன்று குறைத்து எழுதியிருந்து, அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆள் காலி. அவன் அணியும் காலி. இதெல்லாம் அருமைநாயகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அனுபவித்த மனுஷர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கிளப்பின் சாம்பியன் போட்டி. அப்போது அவர் தேயிலை ஃபாக்டரியில் இன்ஜினியர், ஐம்பத்து மூன்று வயசு, தோள் இரும்பு. எழுதினவன் நஞ்சப்பன். மேட்டுப்பாளையத்தில் காப்பிக்கொட்டை பதப்படுத்துகிற ஆலை வைத்திருக்கிற நஞ்சப்பன், இரண்டாம் இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்த நஞ்சப்பன். அன்றைக்கும் மழை. மழையில் யாரும் அட்டையை வெளியே எடுப்பதில்லை, ஊறிப் போகும், ஒதுங்கின இடத்தில் இரண்டு மூன்று குழிகளைச் சேர்த்து எழுதிக்கொள்வது வழக்கம். பன்னிரண்டாம் குழியில் அருமைநாயகம் அடித்தது அஞ்சு. அட்டையில் நாலு. ஜெயித்த சந்தோஷத்தில் முட்டாள் மாதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே மனைவி ஜெபமணி நீலப் பட்டுப் புடவையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள், கை தட்டினாள். பத்து நிமிஷம். சரியாகப் பத்து நிமிஷம் கழித்து நஞ்சப்பனுக்கு ஞாபகம் வந்தது. "பன்னண்டுல அஞ்சுன்னு நெனப்புங்க." அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஞாபகம் வந்திருந்தால் ஒரு ரப்பர் போதும். அஞ்சு என்று திருத்தினாலும் இரண்டு அடி வித்தியாசத்தில் அவர்தான் ஜெயித்திருப்பார். அட்டை கைமாறின பிறகு வந்ததால் ஆள் வெளியே, கோப்பை இரண்டாமவனுக்கு. கிளப் பாருக்குள்ளே தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் அந்த வருஷத்துக்கு நேரே நஞ்சப்பன் பேர். ஃபாக்டரியில் கொழுந்து நிறுக்கிறவன்வரைக்கும் அவருக்கு வைத்த பேர் நாலு நாயகம். அடித்ததைக் குறைத்துச் சொன்னவர் என்று ஊர் எடுத்துக்கொண்டது. யார் எழுதியது என்று எவன் கேட்டான்?

தெரிந்து எழுதினானா, தெரியாமல் எழுதினானா? இதுதான். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது, ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற அந்த முதல் நிமிஷத்தில்கூட இதுதான் வந்து நின்றது. தெரிந்தா, தெரியாமலா? சில வருஷம் தெரிந்துதான் என்று தீர்ப்பு எழுதுவார். பிறகு ஏதாவது ஒரு காலை நேரம் சந்தேகம் வரும். மழை, இரண்டு குழி சேர்த்து எழுதியது, யாருக்கும் வரலாமே. அந்தச் சந்தேகம் வந்தால் தீர்ப்பைவிட மோசமாக எரியும். வெறுக்கவாவது ஒரு நிச்சயம் வேண்டாமா மனுஷனுக்கு? "இன்னுமா அந்த நாலு? விட்டுத் தொலையுங்க, தோசை ஆறுது" என்பாள் ஜெபமணி. "அவரு மறந்தே போயிருப்பாரு." மறந்தா இன்னும் மோசம்டி. மறப்பதற்கு அவனுக்கு என்ன உரிமை? இப்போது பார், பெஞ்சு முனையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பாக்கியத்திடம் முறுக்கு வாங்கித் தின்கிறான், பல்செட்டு வைத்துக்கொண்டு முறுக்கு. காலையிலிருந்து பதினாலு குழி கூடவே நடந்தாயிற்று, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேரப்பிள்ளை கனடாவில் இருக்கிறானாம், முட்டியில் ஊசி போட்டாராம், மிளகு விலை விழுந்துவிட்டதாம். ஆலங்கட்டி நின்று வெறும் மழையாயிற்று. "அட்டைய எழுதிப்போடலாமுங்களா? பதிமூணும் பதினாலும் பாக்கி" என்றார் நஞ்சப்பன். அவர் அருமைநாயகத்தின் அட்டையை எடுத்து முழங்காலில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்து நஞ்சப்பனின் அட்டையை எடுத்தார். ஓரம் ஈரம். பென்சில் கூர் மழுங்கியிருந்தது. பதிமூன்றுக்கு நேரே அஞ்சு என்று எழுதினார், அது நிஜமாகவே அஞ்சு. அதற்குக் கீழே கட்டம் காலி. இதுதானே இடம்? இதே மாதிரிதானே அவனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்? பென்சில் முனை கட்டத்துக்குமேல் நின்றது. இவ்வளவு நேரம் நினைத்ததெல்லாம் வெறும் நினைப்பு, நேற்று ராத்திரி தூங்காமல் நினைத்ததும் நினைப்பு. கை தானாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்தது, குறுக்கே இன்னொரு கோடு, பிறகு நெடுக்காக ஒன்று. நாலு என்று எழுத எவ்வளவு நேரமாகும்? ஒன்றும் ஆகாது. தும்முகிற நேரம். மழைச் சத்தத்தில் பென்சில் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது பாக்கியம் தன்னைப் பார்க்கிறாளோ என்று இருந்தது. அவள் முந்தானையால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகுதான் இருதயம் தட்ட ஆரம்பித்தது, திருடின பையன் மாதிரி, சே.

பதினைந்தாம் குழியில் வெயில் வந்துவிட்டது. புல்லிலிருந்து ஆவி. அருமைநாயகம் தன் பையைத் தானே வண்டியில் வைத்து இழுக்கிற ஆள், சக்கரம் ஈரத்தில் கீச்சிட்டது. நாலு, நாலு என்று கீச்சிட்டதாகத் தோன்றியது. தோன்றும். எண்ணெய் விட்டால் போய்விடும். மேடையில் நின்று அடித்தார், பந்து அத்தனை நேராக, அத்தனை தூரம் போயிற்று, இருபது வருஷமாக இப்படி அடித்ததில்லை. "அடேங்கப்பா" என்றார் நஞ்சப்பன். நல்லது செய்தால் தப்பாகப் போகிறது, கெட்டது செய்தால் நேராகப் போகிறது, இதற்கு சர்ச்சில் என்ன சொல்வார்கள்? நஞ்சப்பன் அடித்த பந்து சுமாராகத்தான் போனது. "நல்ல அடிங்க" என்று தன் வாய் சொல்வது அருமைநாயகத்துக்குக் கேட்டது. நான் ஏன் இதைச் சொன்னேன்? காலையிலிருந்து இவனை ஒரு வார்த்தை பாராட்டினேனா? நடந்தார்கள். இன்னும் ரப்பர் பென்சிலின் பின்னாலேயே இருக்கிறது. இப்போதுகூட அழிக்கலாம். அழிக்க மாட்டேன். இவன் கையெழுத்துப் போட வேண்டும், அட்டையைக் கொடுக்க வேண்டும், பத்து நிமிஷம் நான் காப்பி குடிப்பேன், சர்க்கரை போடாத காப்பி, பிறகு எனக்கு ஞாபகம் வரும். "பதினாலுல அஞ்சுன்னு நெனப்பு." அதே வார்த்தை. அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும், அவன் அணிக்காரர்கள் மருமகனும் பேங்க் மேனேஜரும் நிற்பார்கள், எல்லாரும் நிற்க வேண்டும். இதை நினைத்தபோது வாயில் புளியங்காய் கடித்த மாதிரி எச்சில் ஊறியது. ஆனால் அவன் சரிபார்த்துவிட்டால்? பார்க்க மாட்டான். கண்ணில் புரை எடுத்த ஆள், கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டேன் என்று காலையில் சொன்னான். சொன்னானா, அல்லது நான் நினைத்துக்கொள்கிறேனா? பதினாறாம் குழியில் திரும்பவும் மூடுபனி. மலைச்சரிவிலிருந்து எழுந்து வந்து கொடியை விழுங்கிவிட்டது. "கோடு போட்ட மாரி நேரா அடிங்க சார், அங்கதான் கொடி நிக்கிது, என்னய நம்புங்க" என்று பாக்கியம் கை காட்டினாள். பனிக்குள்ளே நஞ்சப்பன் ஒரு சாம்பல் உருவமாக நின்றார். குரல் மட்டும் வந்தது. "நாயகம், பிஸ்கட்டு தின்றீங்களா?" வேண்டாம். "முட்டி வலிக்குதுங்களா? மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணுமில்லீங்க." இந்த அக்கறை எதற்கு? வயசானால் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்களா? இவனுக்கு இரக்கப்படக் கூடாது என்று அருமைநாயகம் பல்லைக் கடித்தார். நஞ்சப்பன் இருமினார், நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமல். "வெந்நி கெடச்சாத் தேவல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அருமைநாயகம் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார். நீட்டின கையைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். இந்தக் கை யாருடையது?

பதினேழாம் குழியில் நஞ்சப்பனின் பந்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தது. முள்ளுப் புதர். பந்து கிடைக்காவிட்டால் அவருக்கு இரண்டு அடி நஷ்டம், அவ்வளவுதான். அதனால் அருமைநாயகத்துக்கு லாபம். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். ஆனால் அவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் புதருக்குள் இறங்கினார். மட்டையால் கிளைகளை விலக்கினார், மட்டை போதாமல் கையால் விலக்கினார், மண்டியிட்டார். "நீங்க எதுக்கு சார் உள்ள போறீங்க? அப்ப நான் எதுக்கு இருக்கேன், பொரி திங்கவா?" என்று பாக்கியம் கத்தினாள். அவர் கேட்கவில்லை. முழங்கையில் முள் இழுத்து ரத்தம் கோடு போட்டது. மூன்று நிமிஷம்தான் தேடலாம், இப்போதைய விதி. பந்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி. எங்கே, எங்கே, இதோ, அழுகின இலைக்குக் கீழே வெள்ளையாக. "இருக்கு!" என்று கத்தினார், ஏதோ தன் பேரப்பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி. மூச்சு இரைக்க வெளியே வந்தபோது நஞ்சப்பன் அவர் தோளில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார். "உங்களுக்குப் பெரிய மனசுங்க நாயகம்" என்றார். அப்போதுதான் அது வந்தது. அப்படியே நின்றுவிட்டார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டாம் குழி முடிந்து, மழை விட்டு, பதினைந்தாம் குழியில் தன் பந்து இதே மாதிரி முள்ளுக்குள் போனது. உள்ளே இறங்கித் தேடியவன் நஞ்சப்பன். தன் பந்தைத் தேடுகிற மாதிரி தேடினான், அப்போது ஐந்து நிமிஷம் தேடலாம், ஐந்து நிமிஷமும் தேடினான், சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது, கண்டுபிடித்துக் கொடுத்தான். ஜெபமணி இந்த ஒன்றைத்தான் பதினெட்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். "உங்க பந்துக்காகச் சட்டையக் கிழிச்சவரு பொய் எழுதுவாராங்க? எழுதுறவன் தேடுவானா?" நஞ்சப்பன் பக்கம் நிற்கிற ஒரே சாட்சி அந்தக் கிழிந்த சட்டை. சந்தேகம் வந்த ஒவ்வொரு காலையிலும் அந்தச் சட்டைதான் வந்து நின்றது. இப்போது முழங்கையில் ரத்தத்தோடு நிற்கிறவருக்குத் தெரிந்துவிட்டது, எழுதுகிறவன்தான் தேடுவான். எழுதாதவன் எதற்கு முள்ளில் இறங்க வேண்டும்? ஓரமாக நின்று பாக்கு மெல்லுவான். பிஸ்கட்டு, வெந்நீர், நல்ல அடிங்க, பெரிய மனசு. எல்லாம் அட்டையிலிருந்து வருகிறது. அன்றைக்கு அவன் பதினாலாம் குழியில் பாதி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தானே, பதினாறில் ஏதோ பாட்டை விசிலடித்தானே, கண்ணைப் பார்க்காமல் மோவாயைப் பார்த்துப் பேசினானே. எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. வேறு எந்த வழியிலும் இது தெரிந்திருக்காது. தானும் அதே திருட்டைச் செய்து, அதே மாதிரி மூன்று குழி நடந்து பார்த்தால்தான் தெரியும். தெரிந்து எழுதியிருக்கிறான். வே, நீ தெரிந்துதான்வே எழுதியிருக்கிறாய். அருமைநாயகத்துக்கு நெஞ்சில் ஒரு சந்தோஷம் பொங்கியது. இவ்வளவு சுத்தமான ஒரு வெறுப்பை அவர் அதுவரை ருசித்ததில்லை.

கடைசிக் குழி. தூறல், அதற்குள் வெயில், இரண்டும் ஒரே சமயத்தில். புல்மேட்டுக்கு அப்பால் பல் டாக்டர் மோகனவல்லி குடையை மடக்கி ஆட்டினாள். அருமைநாயகத்தின் அணித் தலைவி அவள். பத்து வருஷமாகப் போட்டி எதிலும் சேராமல் ஒதுங்கிக் கிடந்தவரை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாய் மரத்துப்போய் மறுக்க முடியாத நேரத்தில், "அங்கிள், எங்க டீமுக்கு நீங்க வந்தே ஆகணும்" என்று பேரைச் சேர்த்துக்கொண்டவள். "அங்கிள், நாம முன்னாடி இருக்கோம்! நாலு அடி முன்னாடி! உங்க கார்டு வந்துட்டா கோப்பை நமக்குத்தான்!" நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும்? அருமைநாயகம் கடைசிப் பந்தை உள்ளே தள்ளினார். நஞ்சப்பனும் தள்ளினார். தொப்பியைக் கழற்றிக் கை குலுக்க வேண்டும், அது மரியாதை. குலுக்கினார்கள். நஞ்சப்பனின் கை குளிர்ந்து, தோல் தளர்ந்து, உள்ளே எலும்பு தனியாக அசைந்தது. செத்துவிடுவான். ரொம்ப நாள் இல்லை. அதற்குள் ஆக வேண்டும். கிளப் கட்டிடத்து வராந்தாவில் மேஜை போட்டுச் செயலாளர் பெனடிக்ட் உட்கார்ந்திருந்தார். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், ஈரத் தொப்பிகள், பஜ்ஜி வாசனை. நஞ்சப்பன் எழுதிய தன் அட்டையை அருமைநாயகம் வாங்கி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. அது வேறு எரிச்சல். கையெழுத்துப் போட்டார். நஞ்சப்பன் தன் அட்டையை வாங்கினார், பேனாவைத் திறந்தார், கையெழுத்து இடத்துக்குக் கொண்டுபோனார். போடு. போடு, போடு. பேனா நின்றது. நஞ்சப்பன் இடது கையால் சட்டைப் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்தார். காரில் இல்லை, பையில்தான் இருந்திருக்கிறது. மாட்டிக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் முணுமுணுத்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் விரல் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. பதிமூன்று. பதினாலு.

"இது அஞ்சாச்சுங்களே" என்றார் நஞ்சப்பன். குரலில் ஒன்றும் இல்லை. "புல்லுக்குள்ள ஒண்ணு சும்மா மண்ணக் கிண்டுனேனுங்களே, அத உட்டுட்டீங்க." பின்னால் பையோடு நின்ற பாக்கியம், "ஆமா, அஞ்சு, நானும் எண்ணுனேன்" என்றாள். நஞ்சப்பன் நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலாக அருமைநாயகத்தைப் பார்த்துச் சிரித்தார். அகலமான, அன்பான சிரிப்பு. "மழைல ரெண்டு குழியச் சேத்து எழுதுனமுங்க, அதான். யாருக்கும் வர்றதுதானுங்க நாயகம். மனசுல வெச்சுக்காதீங்க. அழிச்சுட்டு அஞ்சுன்னு போட்டுத் தாங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பெனடிக்ட் ரப்பரை நகர்த்தி வைத்தார். அருமைநாயகத்துக்குக் காது அடைத்தது. மன்னித்துவிட்டான். பத்துப் பேருக்கு முன்னால், பஜ்ஜி வாசனைக்கு நடுவில், இவன் என்னை மன்னித்துவிட்டான். யாருக்கும் வர்றதுதான். அப்படியானால் அவனுக்கு வந்ததும் அதுதான், அன்றைக்கும் இன்றைக்கும் சரியாகிப் போயிற்று, முடிந்தது. ரப்பரை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் எல்லாம் முடிந்தது. மோகனவல்லிக்குக் கோப்பை. இவனுக்குப் பெரிய மனசு. எனக்கு மழையில் தடுமாறின கிழவன் என்ற பேர். இவன் செத்துப்போவான், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் என்று பேசுவார்கள், நான் மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ரப்பர் மேஜைமேல் வெள்ளையாக இருந்தது. ஒரு ஈ அதில் உட்கார்ந்து எழுந்தது. மோகனவல்லி அவர் முழங்கையைத் தொட்டு, "அங்கிள், ரத்தம் வருது" என்றாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வரலை" என்றார் அருமைநாயகம்.

"என்ன சார்?" என்றார் பெனடிக்ட்.

"யாருக்கும் வர்றதுன்னாரே. எனக்கு வரலை. நான் தெரிஞ்சுதான் எழுதினேன். அஞ்சுன்னு தெரியும். எண்ணிப் பார்த்துட்டு நாலுன்னு எழுதினேன்."

பஜ்ஜி தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பெனடிக்ட் குரலைத் தாழ்த்தி, "சார், என்ன சார் இது, நான் எதுவும் கேக்கல. அழிச்சு எழுதுங்க, போதும். தெரிஞ்சு தப்பா எழுதினேன்னு நீங்க சொன்னா நீங்களும் அவுட்டு, உங்க டீமே அவுட்டு" என்றார். "கேட்டுத்தான் ஆகணும். அந்த ரூல் புஸ்தகம் நீரு பிறக்கதுக்கு முன்னாடி படிச்சது. அவுட்டுன்னே எழுதும்" என்றார் அருமைநாயகம். மோகனவல்லி, "அங்கிள்!" என்றாள். அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பாவம்தான். ஒரு நொடிக்குமேல் பார்க்கவில்லை. நாளைக்குக் காலையில் பால்காரன்வரைக்கும் தெரிந்துவிடும், நாலு நாயகம் திரும்பவும் நாலு எழுதினான், இந்தத் தடவை தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். எழுபத்தொரு வருஷம் சேர்த்ததில் மிச்சமிருந்த பேர் அது ஒன்றுதான், அதுவும் இதோ மேஜைமேல். எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். நஞ்சப்பனின் உதட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்.

"நான் தெரிஞ்சு எழுதினேன். பத்துப் பேர் முன்னாடி சொல்லிட்டேன். நீங்க?"

"என்னுங்க இது… நாயகம், நல்ல நாளும் அதுவுமா…"

"நீங்க தெரிஞ்சு எழுதினீங்களா, தெரியாம எழுதினீங்களா?"

"அது எந்தக் காலமோ… பன்னண்டாம் குழில நான்…" என்று ஆரம்பித்து நஞ்சப்பன் நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. வெளியே தகர ஓரத்திலிருந்து சொட்டுகிற சத்தம். "பாக்கியம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடம்மா" என்றார். பாக்கியம் அவரையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள், செம்பை எடுத்து நீட்டினாள். இருபது வருஷமாக எதற்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாத மனுஷர் அருமைநாயகம். பஸ் அஞ்சு நிமிஷம் தாமதமானால் நடந்தே போய்விடுவார். அவர் ஒரு நாற்காலியை இழுத்து நஞ்சப்பனுக்கு எதிரே போட்டு, சாவகாசமாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"குடிங்க" என்றார். "குடிச்சிட்டுச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்லை."